கைகால் நன்றாக இருக்கும்போதே

அறுபதைத் தாண்டியவர்கள் நம்மிடையே அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு உண்டு: "கைகால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேர்ந்துடணும். யாருக்கும் பாரமா இருந்துடக் கூடாது." கல்யாண வீட்டுப் பந்தியிலும் கோயில் மண்டபத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் இதைக் கேட்கலாம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் யாரும் இதற்குப் பதில் சொல்வதில்லை. "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நின்று கவனித்தால், இதில் சாவைப் பற்றிய பயம் துளியும் இல்லை. சாவு வரட்டும் என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் பயப்படுவது அதற்கு முந்தைய காலத்தை நினைத்து: எழுந்து நடக்க முடியாமல் போனால் யார் தூக்குவார்கள், தூக்குகிறவரின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று. நம்பிக்கையோடு மூப்பது எப்படி என்று யோசிப்பவர்கள் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். தியானம் செய்யுங்கள், நல்லதையே நினையுங்கள், பேரப்பிள்ளைகளோடு விளையாடுங்கள் என்று முதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்குப் படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்து வைத்திருக்கும் முதியவருக்கு நம்பிக்கை தானாக வருகிறது. தெரியாதவருக்கு எவ்வளவு சொன்னாலும் ஒட்டுவதில்லை. பெற்றோரைப் பார்த்துக்கொள்வதில் பெரும்பகுதி, அவர்கள் விழுவதற்கு முன்பே அந்தத் தெளிவை உண்டாக்கிக் கொடுப்பதுதான்.

இந்தக் கேள்வி பெரும்பாலான மாநிலங்களுக்கு முன்பே தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 75 லட்சம் பேர். தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு போட்ட கணிப்பில் இந்த விகிதம் 2021-இல் 13.6 ஆகவும், 2031-இல் 18.2 ஆகவும் உயர்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டுமே நமக்கு முன்னால் நிற்கிறது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண்கள் படித்தார்கள், பிறந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், இரண்டே போதும் என்று குடும்பங்கள் தீர்மானித்தன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8. பெருமைப்பட வேண்டிய மாற்றம் இது. அதன் மறுபக்கமாக, ஐந்து பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வேலை இரண்டு பேர் தலையில் இறங்கியிருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிறார். ஊரில் இருக்கும் மற்றவருக்கும் வயதாகிவிட்டது. மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளும் 62 வயது மருமகள், 85 வயது மாமியாரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைப்பது இன்று எந்தத் தெருவிலும் காணக்கூடிய காட்சி.

எல்லாம் மனசைப் பொறுத்தது என்று சொல்பவர்களுக்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்த, 50 வயதைக் கடந்த 660 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றை உளவியலாளர் பெக்கா லெவியும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்டார்கள். தங்கள் முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருந்தவர்கள், மோசமான எண்ணம் கொண்டிருந்தவர்களைவிட ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது அதன் முடிவு. உடல்நலம், வருமானம், தனிமை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வேறுபாடு நின்றது. அப்படியானால் எண்ணத்தை மாற்றிக்கொண்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? லெவியே தொடர்ந்து வாதிட்டது, முதுமை பற்றிய எண்ணங்களை நாம் சிறுவயதிலிருந்து சுற்றியிருக்கும் சமூகத்திடமிருந்து உறிஞ்சிக்கொள்கிறோம் என்பதைத்தான். இதே விஷயத்தை நம் மரபு வெகுகாலத்துக்கு முன்பே பிடித்து வைத்திருக்கிறது. புறநானூற்றின் 191-ஆம் பாட்டில், இத்தனை வயதாகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொல்லும் காரணங்களைப் பாருங்கள். மனைவி, பிள்ளைகள், தன் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், தவறு செய்யாத அரசன், ஊரில் வாழும் சான்றோர் என்று பட்டியல் போகிறது. தன் மன உறுதியை அவர் ஓரிடத்திலும் காரணமாகச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து தொடங்கி அரசு வழியாக ஊர் வரைக்கும் தன்னைச் சுற்றியிருக்கும் அடுக்குகளைத்தான் எண்ணுகிறார். அவற்றில் ஒன்று சரிந்தாலும் நரை வந்திருக்கும் என்பது அதில் அடங்கிய பொருள். எனக்குத் தெரிந்து முதியோர் நலத்துக்கு இதைவிடத் தெளிவான வரைவு கிடையாது.

இந்த இடத்தில் எழும் மறுப்பு: "அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பம் இதையெல்லாம் கேட்காமலே செய்தது, அதை உடைத்துவிட்டுப் புதிதாக ஏற்பாடு தேடுகிறீர்கள்." இதில் பாதி உண்மை. கைகள் அப்போது அதிகம் இருந்தன. ஆனால் அந்தக் குடும்பத்தின் முன் இன்றைய கேள்வி வைக்கப்படவே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்கால எதிர்பார்ப்பு 50-ஐத் தொடவில்லை. இப்போது 70-ஐ ஒட்டி நிற்கிறது. பழைய எண் குறைவாக இருந்ததற்குக் குழந்தைச் சாவுகள் பெரிய காரணம் என்பது சரிதான். என்றாலும் பக்கவாதம் வந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், சிறுநீரகம் கெட்டவர் அன்று சில வாரங்களில் போய்விட்டார். இன்று மருந்தின் தயவில் பல ஆண்டுகள் படுக்கையில் வாழ்கிறார். நினைவு தப்பிப்போனவரைப் பத்தாண்டு பார்த்துக்கொள்ளும் அனுபவம் பழைய கூட்டுக்குடும்பத்துக்கு அரிது. பேசத் தயங்கும் இன்னொரு உண்மையும் இருக்கிறது. தென்மாவட்டங்களின் சில பகுதிகளில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்தது. தேறமாட்டார் என்று வீடு முடிவுகட்டிய முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, உடம்பைக் குளிரவைத்துச் சாகவிடுவார்கள். 2010-இல் விருதுநகர் மாவட்டச் செய்திகள் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' படம் இதைத்தான் பேசியது. தலைப்பே முதியவர்கள் அஞ்சும் அந்தச் சொல்தான். அந்த வீடுகளில் பாசம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒருநாள் கூலியை இழந்தால் அடுப்பு எரியாத வீட்டில், படுத்திருப்பவரின் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நிலை வரும்போது, பாசத்தால் மட்டும் அந்தக் கணக்கைச் சமாளிக்க முடியவில்லை. செய்த கொலையை இது நியாயப்படுத்தாது. ஆனால் பாசத்தை மட்டும் நம்பி முதுமையை ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

'பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லும்போது உண்மையில் பார்த்துக்கொள்வது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மகன் பெயருக்கு, வேலை மருமகளுக்கு. 2019-இல் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் கைவைக்கும் ஆண்கள் 97 நிமிடம். வீட்டு ஆட்களைப் பராமரிக்கும் வேலையிலும் 134-க்கு 76 என்று இடைவெளி இருக்கிறது. இந்த நிமிடங்களுக்குள் என்ன நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, சில நாளில் படுக்கைப்புண் ஆகிவிடும். இரவு பதினொன்றுக்கு, ஒன்றுக்கு, மூன்றுக்கு, ஐந்துக்கு எழுந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். இடையில் விரிப்பு நனைந்தால் மாற்ற வேண்டும். காலையில் சமையல், பகலில் கடையோ வேலையோ. ஆறு மாதம் இப்படிக் கண்விழித்த பெண் ஒருநாள் சுள்ளென்று பேசிவிட்டால், அந்த ஒரு சொல் மட்டும் சொந்தபந்தத்தின் வாயில் ஊரெல்லாம் போகிறது. வாரத்தில் இரண்டு இரவு வேறொருவர் எழுந்திருந்தால் அந்தச் சொல் வந்தே இருக்காது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை சட்டமாயிற்று. பெற்றோரைக் காப்பாற்றும் கடமை மணமான மகளுக்கும் உண்டு என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் 'மகள் வீட்டில் தங்கினால் ஊர் என்ன சொல்லும்' என்ற தயக்கம் இன்னும் போகவில்லை. மருமகளை மட்டும் நம்புகிற வழக்கத்தை விடாத வரைக்கும், பராமரிப்பைப் பகிர்வது பேச்சளவில்தான் நிற்கும்.

அடுத்தது காசு. தன் கையில் சொந்தக் காசு இருப்பவரின் குரல் வீட்டில் வேறு மாதிரி ஒலிக்கும். 1962-லேயே முதியோர் உதவித்தொகையைத் தொடங்கிய மாநிலம் இது. இப்போது மாதம் 1,200 ரூபாய். 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து உயர்த்தப்பட்டது. இதில் 80 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு ஒன்றிய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொகை அசையவில்லை. 1,200 ரூபாயில் வாழ முடியாது. ஆனால் பேத்திக்கு ஒரு பொட்டலம் பலகாரம், வெற்றிலை பாக்கு, மருந்துக்கடைச் செலவு ஆகியவற்றுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் வயதான பெண்களுக்கு இதையே செய்தது. மகளைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போவதற்கு மகனிடம் காசு கேட்கும் நிலை போயிற்று. ஆனால் இத்தகைய ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு, உதவித்தொகை வாங்கும் நாளன்று கைரேகைக் கருவியின் முன் உட்கார்ந்திருப்பவரின் விரலைப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டு களை பறித்து, நாற்று நட்டு, பாத்திரம் துலக்கித் தேய்ந்துபோன விரல் அது. முதல் தடவை வைத்தால் பதிவதில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். பிறகு அடுத்த விரல், பிறகு மற்ற கை. "கைரேகை விழலை பாட்டி, நாளைக்கு வாங்க" என்கிறார் பணம் கொடுக்க வந்தவர். உழைத்துத் தேய்ந்த கை என்பதே அந்தப் பணத்துக்கான தகுதி. அதுவே தடையாகவும் ஆகிறது. விரல் பதியாதவருக்கு மாற்று வழி எந்த நேரமும் கையில் இருக்க வேண்டும் என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

சட்டம் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓரளவு அனுபவம் சேர்ந்திருக்கிறது. 2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் வக்கீல் இல்லாமலே வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்கும். அந்த உச்சவரம்பை நீக்கவும் மருமகன், மருமகளைப் பொறுப்பில் சேர்க்கவும் 2019-இல் கொண்டுவந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியாயிற்று. சட்டத்தின் முக்கியமான பகுதி 23-ஆம் பிரிவு: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெறலாம். நம் ஊரில் தானசெட்டில்மென்ட் பத்திரம் எழுதும்போது 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்று வழக்கமான சொற்களைப் போட்டுவிட்டு நிபந்தனையை விட்டுவிடுவார்கள். நிபந்தனை பத்திரத்தில் இல்லை என்றால் 23-ஆம் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராள மனதோடு இச்சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த இழுபறியில் சிக்காமலிருக்க, பத்திரத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். பிள்ளையைச் சந்தேகப்படுவதாகும் என்று பெற்றோர் கூசுகிறார்கள். அந்த வரியைப் பிள்ளையே கேட்டு எழுதவைக்கலாம். நல்ல பிள்ளைக்கு அதில் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் சட்டத்தால் சோறு வாங்கிக் கொடுக்க முடியுமே தவிர, பக்கத்தில் உட்காரவைக்க முடியாது. பெரும்பாலான பெற்றோர் பிள்ளைமேல் மனுக் கொடுக்க மாட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது; கொடுத்த பிறகு அந்த வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவது?

மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. முதியோருக்கெனத் தனி மருத்துவம் என்ற பேச்சே நாட்டில் இல்லாத 1978-இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அதற்கான புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் வி. எஸ். நடராஜன். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கு மேற்படிப்பே வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம்விட, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்திருப்பவருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. முதுமையின் மருத்துவம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் தோற்கிறது. மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையில் நாலை மட்டும் கத்தரித்துக் கொடுத்தால், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையில் இருக்கும் துண்டோடு நின்றுவிடும். வீட்டில் அது 'வெள்ளை மாத்திரை' ஆகிறது. அடுத்த மாதம் அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் மஞ்சளாக வரும். அரசு மருத்துவமனையில் கொடுத்ததும் தனியார் டாக்டர் எழுதியதும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கிவிட்டு, விடியற்காலையில் கழிவறைக்குப் போகும்போது தலைசுற்றி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. 2024 அக்டோபரிலிருந்து 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. முறிந்த எலும்புக்கு ஆஸ்பத்திரிச் செலவை அது கொடுக்கும். விழாமல் தடுத்திருக்கக்கூடிய கைப்பிடிக்கும், அறுவைக்குப் பிறகு ஆறு மாதம் வீட்டில் வந்து பார்க்க வேண்டிய ஆளுக்கும் கொடுக்காது. நம் திட்டங்களின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

அரசும் ஊரும் இப்படி வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள் என்ற அச்சம் பலருக்கு உண்டு. உண்மையில் நடந்ததைப் பார்க்கலாம். மருமகளே மாமியாரைப் பார்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்மைப் போலவே வேரோடிய நாடு ஜப்பான். 2000-இல் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயதானவர்கள் எல்லோரும் அதற்குச் சந்தா கட்டுகிறார்கள். உதவியாளர் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டுகிறார், பகல்நேர மையம் வண்டி அனுப்பி அழைத்துப் போகிறது. குடும்பம் அங்கே மறைந்துவிடவில்லை. சுமையின் கடினமான பகுதி மட்டும் இறங்கியது. ஜப்பானின் பணம் நம்மிடம் இல்லை என்றால், பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. மலப்புறம் போன்ற மாவட்டங்களில் பக்கத்து வீட்டாரும் மாணவர்களும் ஓட்டுநர்களும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே வளர்ந்த அந்த வேலை 2008-இல் மாநிலக் கொள்கையாயிற்று. உள்ளாட்சிகள் அதற்குப் பணம் ஒதுக்குகின்றன. தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 25 'அன்புச்சோலை' பகல்நேர மையங்கள் இந்தத் திசையில் ஓர் அடி. ஒரு கோடியை ஒட்டிய முதியோருக்கு 25 என்பது தொடக்கம்தான். முதியோர் இல்லத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 'கொண்டுபோய் விட்டுட்டான்' என்ற பேச்சு அங்கே போகத் தாமே முடிவெடுக்கும் முதியவரையும் அவமானப்படுத்துகிறது. நல்ல கவனிப்பும் நாலு பேர் பேச்சுத்துணையும் இருக்கும் இல்லம், பூட்டிய அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சியோடு தனியாக இருப்பதைவிட மேல். போய்ப் பார்க்காமல் இருப்பதுதான் தவறு. அது சொந்த வீட்டிலும் நடக்கிறது.

இவ்வளவு ஏற்பாட்டையும் பிள்ளைகளே தங்களுக்குள் பேசி முடித்துவிட்டால், முதியவர் அவற்றுக்குள் ஒரு பொருளாகிவிடுவார். அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் உளவியலாளர்கள் எல்லன் லாங்கரும் ஜூடித் ராடினும் நடத்தி 1976-இல் வெளியிட்ட சிறிய சோதனை இதைத் தொட்டது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையையும் நேரத்தையும் நீங்களே தீர்மானியுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மற்றொரு தளத்தில் செடிக்குப் பணியாளர் தண்ணீர் ஊற்றினார். எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லப்பட்டது. முதல் தளத்தினர் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். சிறிய சோதனை என்பதால் அதன் மேல் அதிகம் கட்டக் கூடாது. ஆனால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, பாங்க் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, 'நீ ஏம்மா சிரமப்படுறே' என்று அடுப்படியிலிருந்தும் விலக்கிய பிறகு ஓர் அம்மா எவ்வளவு வேகமாக ஒடுங்கிப்போகிறார் என்பது வெளிநாட்டு ஆய்வு இல்லாமலே நமக்குத் தெரியும். கடைசிக் கட்டத்தைப் பற்றியும் இது பொருந்தும். உயிர்காக்கும் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-இல் அந்த நடைமுறை எளிதாக்கப்பட்டு, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் சான்று பெற்றால் போதும் என்றாகிவிட்டது. இருந்தும் அம்மாவுக்கு என்ன விருப்பம் என்ற பேச்சை ஐ.சி.யூ. கதவுக்கு வெளியேதான் முதன்முதலாகத் தொடங்குகிறோம், அம்மா உள்ளே பேச முடியாமல் கிடக்கும்போது.

பொங்கலுக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். இரண்டு நாளில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியும். எந்த மாத்திரை எதற்கு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது, குளியலறையில் வழுக்கும் டைல்ஸ் மேல் பாயும் சுவரில் கைப்பிடியும் பொருத்துவது, எந்த மாதம் யார் வந்து இருப்பது, பணம் யார் பெயரில், மருமகளுக்கு எப்போது ஓய்வு என்று பேசி வைப்பது. அப்போது அம்மாவையும் நடுவில் உட்காரவைத்து, உனக்கு எப்படி வேணும் என்று கேட்க வேண்டும். முதலில் அம்மா, "எனக்கென்ன, நீங்க நல்லா இருந்தா போதும்" என்றுதான் சொல்வார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடாமல் மறுபடி கேட்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "மத்தது எப்படியோ போகட்டும். குளிப்பாட்டுறதுக்கு மட்டும் பெரியவளை வரச் சொல்லுங்க" என்று சொன்னாலும் சொல்லலாம்.